பெல்ட்டில் நிற்கும் ஒன்று

மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்த குட்டித் திருப்புளியால் கடைசித் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள் மகள். பக்கத்துக் கட்டிலில் அப்பா ஒவ்வொரு மூச்சையும் தேடி இழுத்துக்கொண்டிருந்தார். காலையில் வந்த டாக்டர், "சாயங்காலம் தாண்டாது. பக்கத்துலயே இருங்க" என்று செருப்பை மாட்டியபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதன் பிறகு அப்பா வாய் திறந்தது ஒரே ஒரு முறைதான்.

"பெல்ட்டுல ஒண்ணு நிக்குது. பாக்காம விட்டுட்டேன்."

டைல்ஸ் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் கல் பார்த்தவர் அவர். நகரும் பெல்ட்டில் வரும் ஒவ்வொரு கல்லிலும் கண்ணை ஓட்டி, மயிரிழை விரிசல் இருந்தாலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ள வேண்டும். ஷிப்ட் முடியும்போது பார்க்காத கல்லை அடுத்த ஆள் தலையில் கட்டிவிட்டு எழுந்திருப்பது அங்கே பெரிய அசிங்கம். மணி அடித்த பிறகும் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். வீட்டில் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

ஓய்வு பெற்றும் ஆள் மாறவில்லை. ஆறு வருஷமாக இந்தப் பழைய மடிக்கணினியில் படம் படமாகப் பார்த்தார்: கறுப்புக் கல், வெள்ளைப் புள்ளி, மறுபடியும் கறுப்புக் கல், வெள்ளைப் புள்ளி. "டைல்ஸா?" என்று அம்மா கேட்டபோது, "அது மாதிரிதான்" என்றார். அவர் பேச்சு அவ்வளவுதான். அம்மா விடுவாளா? கம்பெனி மேனேஜருக்கே போன் போட்டு, "ரிட்டயர் ஆன மனுஷன்கிட்ட ஓசியில வேலை வாங்குறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று கிழித்துவிட்டாள். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டார்.

நான்கு நாளைக்கு முன் அப்பா மயங்கிச் சரிந்தபோது மடியிலிருந்து மடிக்கணினியும் விழுந்தது. இப்போது விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு.

"மெமரி நகந்திருக்கும்" என்றார் ரிப்பேர் கடைக்காரர் போனில். "மொதல்ல பேட்டரிய எடுத்துருங்க. அப்புறம் சின்னதா பச்சைத் தகடு ரெண்டு இருக்கும், கழட்டி, தங்கக் கலர் ஓரத்தை பென்சில் ரப்பரால தேச்சுட்டு டக்குனு சத்தம் வர்றவரைக்கும் அழுத்துங்க. வரலேன்னா நாளைக்கு நானே வர்றேங்க."

"நாளைக்கு வேண்டாங்க" என்றாள்.

அம்மா பொறுக்கமாட்டாமல், "போற நேரத்துல டைல்ஸ் கேக்குதா இவருக்கு? அதத் தூக்கிப் போட்டுட்டு அவர் கையப் புடிச்சுக்கிட்டு உக்காருடி" என்றாள்.

"ரெண்டே நிமிஷம்மா."

அம்மா சொல்வதுதான் சரியோ என்று அவளுக்கும் பயமாக இருந்தது. மிச்சமிருக்கும் நேரத்தைத் திருகாணியில் கரைத்துவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? ரப்பரால் தேய்த்தாள். அழுத்தினாள். இருட்டு. ஒரு தகட்டை எடுத்துவிட்டு, இன்னொன்றை இடம் மாற்றிப் போட்டாள். டக்.

பேட்டரியை மாட்டி ஆன் செய்ததும் திரை வெளிச்சமானது. செல்போனிலிருந்து இணையம் கொடுத்ததும், அப்பா விட்ட பக்கம் விட்ட இடத்திலேயே திறந்தது. கறுப்பு, வெள்ளைப் புள்ளிகள். கீழே 'ஒளி வளையம் உண்டா?' என்ற கேள்வி, 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். அதற்கும் கீழே ஒரு வரி: நீங்கள் இதுவரை பார்த்த வானப் படங்கள் 71,318.

அவள் அந்த வரியையும், தொலைநோக்கிப் படங்களில் அபூர்வமாகத் தூரத்து விண்மீன் கூட்டத்தின் வெளிச்சம் வளையமாகத் தெரியும் என்று ஓரத்தில் இருந்த குறிப்பையும் இரண்டு முறை படித்தாள்.

"அம்மா, இது டைல்ஸ் இல்ல."

"பின்ன?"

"வானம்மா. பெரிய டெலஸ்கோப்ல எடுத்த படம். இதுவரைக்கும் யாரும் பாக்காத எடம். வளையம் ஏதாவது தட்டுப்படுதான்னு பாத்துச் சொல்லியிருக்காரு, எழுபதாயிரத்துக்கு மேல."

"அடப்பாவி மனுஷா" என்றாள் அம்மா.

திரையை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண் திறந்தது. இடமிருந்து வலமாக, பெல்ட்டின் வேகத்தில், அவசரமே இல்லாமல் நகர்ந்தது. பிறகு ஒரு விரல் எழுந்து வலது கோடியில் வந்து நின்றது.

"இந்தா."

அங்கே ஒன்றுமே இல்லை. அவள் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மங்கலான புள்ளி ஒன்றைச் சுற்றி, நீல நிறத்தில், எங்கும் அறுபடாத மெல்லிய வளையம். எத்தனை கோடி வருஷம் நடந்து வந்த வெளிச்சமோ, இந்த அறையில், மருந்து வாசனைக்கு நடுவில், அப்பாவின் விரல் நுனியில் வந்து நிற்கிறது. இப்படி ஒரு மனிதரோடு ஆறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோமே என்று பிரமிப்பாக இருந்தது.

"ஆமாப்பா, இருக்கு! முழு வளையம்ப்பா!"

திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் உள்ளங்கை அப்பாவின் நெஞ்சின் மேல் ஏற்கெனவே இருந்தது. அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். திரையில் வளையம் அப்படியே இருந்தது.

"எதை அமுக்கணும்?" என்றாள் அம்மா.

மகள் காட்டினாள். அம்மா அவருடைய விரலைப் பிடித்து, இன்னும் சூடு ஆறாத அந்த விரலைக் கொண்டுபோய், 'உண்டு' என்பதன் மேல் வைத்து அழுத்தினாள்.

பழைய மடிக்கணினி சற்று யோசித்தது. பிறகு அடுத்த வானம், மேலிருந்து கீழாக, மெல்ல இறங்கி வந்தது.