ஒரு மேட்ச்சாவது

விருத்தாசலத்தில் நாற்பத்திரண்டு டிகிரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மே மாத மதியத்தில் கலியமூர்த்தி மங்கி குல்லா வாங்கப் போனான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்குங்க? பொறந்த கொழந்தைக்கா?"

"எனக்குத்தாங்க. கர்லிங் வெளையாடப் போறோம். தேசியப் போட்டி."

கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மேல் அலமாரியில் தேட ஆரம்பித்தார். பீங்கான் சூளைச் சூட்டில் ரொம்ப வருஷம் நின்றவர்களிடம் அதிகம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது ஊரில் பலருடைய அபிப்பிராயம்.

நம் ஊரில் பனி என்றால் மார்கழியில் மூக்கை அடைப்பது. ஐஸ் என்றால் மீன் பெட்டியில் கிடப்பது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து நாலு பேர் பனிக்கட்டித் தரையில் விளையாடும் ஆட்டத்துக்குக் கிளம்பினார்கள் என்றால், அதற்குக் காரணம் தைரியம் என்று சொல்லலாம். வேலையற்ற வேலை என்றும் சொல்லலாம். ஊர் இரண்டாவதைத்தான் சொன்னது.

ஆட்டம் ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. இருபது கிலோ கல்லைப் பனித்தரையில் தள்ளிவிட வேண்டும். கூட இருக்கும் இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடி, துடைப்பம் மாதிரி ஒன்றால் தரையைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். தூரத்தில் ஒரு வட்டம். யாருடைய கல் அதன் நடுவுக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பாயிண்ட். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருக்கும் சாவியோ இதை முதல் முதலில் போனில் காட்டியபோது, கலியமூர்த்தி ஒரு டீ குடிக்கிற நேரம் பார்த்துவிட்டு, "இது கேரம்போர்டுதான சாவியோ. நின்னுக்கிட்டு ஆடறாங்க, அவ்ளோதான்" என்றான். அந்த ஒரு வார்த்தை அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. செராமிக் தொழிற்பேட்டையில், கரண்டுக் கம்பத்துக்கான பீங்கான் சாமான் சுடும் ஒரு கம்பெனியில் சூளை மேஸ்திரி. கல்லுக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். களிமண்ணைக் கெட்டியாகத் திரட்டிச் சுட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெடிக்கும் என்பது இருபத்தைந்து வருஷம் சூளையில் நின்றவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது. மூன்று கல் செய்து சுட்டான். மூன்றும் வெடித்தன, வெடித்ததோடு நில்லாமல் பக்கத்தில் அடுக்கியிருந்த கம்பெனிச் சரக்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயின. மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு புத்தி வந்து, உள்ளே கூடாக வார்த்து, சுட்டு, மணலை நிரப்பி, பழைய குக்கர் கைப்பிடியை முடுக்கினான். ஆடுவதற்கு மாதா கோயில் சமூகக் கூடத்தின் டைல்ஸ் தரையைப் பாதிரியார் கொடுத்தார், கல்யாணம் இல்லாத நாட்களில் மட்டும். கல் வழுக்குவதற்குத் தரை முழுக்கக் கேரம் பவுடர். மொபைல் கடை திலீபனும், டவுன் பஸ் கண்டக்டர் திருமாலும் சேர்ந்துகொள்ள, நாலு பேர் ஆனார்கள்.

கலியமூர்த்திக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போனது. சும்மா பிடிக்கவில்லை, பைத்தியமாகவே பிடித்தது. கல் கையை விட்டுக் கிளம்பி மெல்லத் திரும்பிக்கொண்டே போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சூளைச் சூடு, மேனேஜர், வயிற்று எரிச்சல் எல்லாம் மறந்துபோகும். பெண்டாட்டி கனகாவை மட்டும் மறக்க முடியாது, ஏனென்றால் அவள் மறக்க விட மாட்டாள்.

கனகா ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை செய்தாள். அவன் ரயில் டிக்கெட்டைக் காட்டிய அன்று சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"சிலம்பம் போனீங்க, மண்டய ஒடச்சிக்கிட்டு வந்தீங்க. கேரம் போனீங்க, மொத ரவுண்டுலயே வூட்டுக்கு வந்தீங்க. வாலிபால்ல நாலு வருசம் பந்து பொறுக்கிப் போட்டீங்க. கல்யாணம் ஆயி இருவது வருசத்துல நீங்க ஒண்ணுல ஜெயிச்சு நான் பாத்ததில்ல. தோக்கறதுக்கு டில்லிக்கு அந்தாண்ட வேற போவணுமா?"

"இந்த வாட்டி ஒரு மேட்ச்சாவது ஜெயிச்சுட்டு வரேன், பாரு."

"ஜெயிக்கலன்னா?"

"இந்த ஜென்மத்துல கல்லத் தொட மாட்டேன்."

ரோஷத்தில் வாயை விட்டாயிற்று. கனகா ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டால் உடும்புப் பிடிதான். ஒரு மேட்ச் ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் கல்லுக்கும் அவனுக்கும் தீர்ந்தது.

இரண்டு ரயில், ஒரு பஸ் மாறி, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருந்த ஐஸ் அரங்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே போனதும் திருமால், "பிரீசருக்குள்ள கொண்டாந்து வுட்டுட்டாங்களே" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான். பல்லைக் கடித்தது குளிரில்.

முதல் நாள் விதிமுறைகளைச் சொன்னார்கள். அதில் ஒன்று நால்வருக்கும் புரியவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கல் மேல் சொந்த அணிக்காரனின் துடைப்பமோ காலோ பட்டுவிட்டால் அந்தக் கல் செல்லாது, எடுத்துவிட வேண்டும். ஆனால் அதை நடுவர் கண்டுபிடிக்க மாட்டார். பட்டவனே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும்.

"யாரும் பாக்கலன்னா?" என்றான் கலியமூர்த்தி.

"பாக்கலன்னாலும் சொல்லணும்ணே. அதான் இந்த ஆட்டத்துல மரியாத" என்றான் சாவியோ.

திருமால் தலையில் கை வைத்துக்கொண்டான். "பதினெட்டு வருசமா பஸ்ஸுல போறேன். டிக்கெட் வாங்காதவன் ஒருத்தன் கூட தானா வந்து சொன்னதில்ல சாமி."

முதல் மேட்ச்சில் இன்னொரு ரகசியம் வெளியே வந்தது. கேரம் பவுடர் போட்ட தரையில் தேய்த்தால் பவுடர் விலகும், கல் நின்றுவிடும். அதனால் விருத்தாசலத்தில் 'தேய்' என்று கத்தினால் 'நிறுத்து' என்று அர்த்தம். பனியில் நேர் எதிர். தேய்க்கத் தேய்க்கக் கல் இன்னும் தூரம் போகும். ஒன்றரை வருஷம் வியர்வை வழியப் பழகியது முழுக்கத் தலைகீழ். நிறுத்துவதற்காகக் கலியமூர்த்தியும் திலீபனும் உயிரைக் கொடுத்துத் தேய்த்த கற்கள் வட்டத்தைத் தாண்டி, பின்சுவரைப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்தன. பதினொன்றுக்குப் பூஜ்யம். எதிரணி கை கொடுத்தபோது பாவம், அவர்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இரண்டாவது மேட்ச்சும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. ஆனால் கை மெல்ல மெல்லத் திருந்தியது. நாலாவதும் கடைசியுமான மேட்ச்சில், பனியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மலைநாட்டு அணி. அன்றைக்கு அவர்களுக்கு என்ன கிரகமோ, போட்ட கல்லெல்லாம் கோணல். நம்மவர்களுக்குக் குருட்டாம்போக்கில் எல்லாம் விழுந்தது. கடைசிச் சுற்றில் நாலுக்கு நாலு. எல்லாக் கல்லும் போட்டாயிற்று, மிச்சம் சாவியோ போட வேண்டிய ஒரே கல். எதிரணியின் கல் ஒன்று நடுவுக்கு ஒரு முழத்தில் நின்றது. அதைவிட உள்ளே போய் நின்றால் ஜெயிப்பு. ஊரில் திலீபன் கடையிலும் கனகாவின் கம்பெனியிலும் இதைப் போனில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாவியோ சிலுவை போட்டுக்கொண்டு கல்லை விட்டான். அந்தக் கோடியில் நின்ற திருமால் "தேய், தேய்" என்று கத்தினான். பஸ்ஸில் 'உள்ள போ' என்று கத்திப் பழகிய குரல், அரங்கு அதிர்ந்தது. கலியமூர்த்தி குனிந்து, மூச்சுவிடாமல் தேய்த்துக்கொண்டே ஓடினான். வட்டத்துக்கு நாலடி இருக்கும்போது அவனுடைய இடது கால் வழுக்கி, ஷூ நுனி கல்லின் மேல் பட்டது. உரசல்தான். கல் அசங்கவில்லை, வழி மாறவில்லை. ஆனால் பட்டது பட்டதுதான்.

யாரும் பார்க்கவில்லை. திலீபன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், மற்றவர்கள் வட்டத்தை. இதைக் கலியமூர்த்தி ஒரு நொடியில் கவனித்துக்கொண்டான். 'மூச்சு விடாத' என்று மனசு சொன்னது. 'சரி' என்று அவனும் சொன்னான். இந்த விஷயத்தில் அவனுக்கும் அவன் மனசுக்கும் எந்தக் கருத்து வேற்றுமையும் இல்லை.

கல் போய், நடுவுக்கு நாலு விரல்கடையில் நின்றது.

திலீபன் துள்ளிக் குதித்துக் கீழே விழுந்தான். சாவியோ முழங்கால் போட்டு அழுதான். எதிரணி கேப்டன் கை கொடுக்க வந்தான். இருபது வருஷத்தில் முதல் ஜெயிப்பு. கலியமூர்த்தியும் கையை நீட்டத்தான் போனான். ஆனால் அந்தக் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. அதுபாட்டுக்குக் கீழே போனது, கல்லைத் தொட்டது, கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

புத்தகம் மேல் கால் பட்டாலும், தராசு மேல் பட்டாலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மேல் பட்டாலும், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நடை பழகும்போதே பழக்கிவிட்டார்கள். அதற்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் எந்த மூலையில் செய்தாலும் அதற்கு மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை.

மலைநாட்டுக் கேப்டன் நீட்டிய கையை அப்படியே நிறுத்தினான். கலியமூர்த்தியின் காலைக் காட்டினான், கல்லைக் காட்டினான், இந்தியில் என்னவோ கேட்டான். ஜெயிக்க வைத்த கல்லுக்கு நன்றி சொன்னேன் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். பொய் தயாராகவே இருந்தது. ஆனால் பொய் சொல்லும் அளவுக்குக் கலியமூர்த்திக்கு இந்தி தெரியாது. தலையை ஆட்டினான்.

கல்லை எடுத்தார்கள். ஐந்துக்கு நாலு. தோல்வி.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்று மாலை பரிசளிப்பில் அவனைத் தனியாக மேடைக்குக் கூப்பிட்டு, நேர்மைக்கான கோப்பை என்று ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு சாண் உயரம் இருக்கும். கலியமூர்த்தி அதை வாங்கிக்கொண்டு, திருடிய சாமானைக் கையில் வைத்திருப்பவன் போல நின்றான்.

திரும்பி வரும் ரயிலில் சாவியோ ஒரு பகல் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினான். "நேர்மை நல்லதுதாண்ணே. ஆனா அத மொத மேட்ச்சுல காட்டியிருக்கக் கூடாதா? அங்கதான் பதினோரு பாயிண்டுல தோத்தோம்."

ஊரில் வேறு மாதிரி இருந்தது. கலியமூர்த்தி கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் காட்சியைத் திலீபனின் கடைப்பையன்கள் மெதுவாக ஓடவிட்டு, நாதஸ்வரம் சேர்த்து, ஊர் முழுக்க அனுப்பியிருந்தார்கள். ஸ்டேஷனிலேயே மாலை விழுந்தது. கம்பெனி மேனேஜர் தானாக வந்து கை கொடுத்தார். ஜெயித்திருந்தால் கூட இவ்வளவு பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

வீட்டில் கனகா கோப்பையை வாங்கிப் பார்த்தாள். முந்தானையால் துடைத்து பிரிட்ஜ் மேல் வைத்தாள். காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஜெயிச்சாத்தான்னு பேசிக்கிட்டோம். ஆனா இதுவும் ஒரு ஜெயிப்புதான். நீங்க வெளையாடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. இனி அவன் செய்ய வேண்டியது காபியைக் குடிப்பது ஒன்றுதான். அதுதான் நடக்கவில்லை. ஊர்க்காரர்கள் போட்ட மாலையெல்லாம் கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டான். இவள் இப்படி இறங்கி வந்து பேசியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"கனகா, நான் நேர்மையா ஒண்ணும் செய்யல. கால் பட்டது தெரிஞ்சுது. சொல்லக் கூடாதுன்னுதான் நெனச்சேன். கை அதும்பாட்டுக்குப் போயிடுச்சு. அந்த ஆள் கேட்டப்பக்கூட பொய் சொல்லத்தான் பாத்தேன், இந்தி வரல."

கனகா டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"பொம்மைக்குக் கண்ணு எழுதறவ நானு. கருமணி எந்தப் பக்கம் ஒதுங்குனா என்னா மூஞ்சின்னு எனக்குத் தெரியாதா? கால் பட்டதும் உங்க கண்ணு எடது பக்கம் போச்சு, வலது பக்கம் போச்சு. எவனும் பாக்கலன்னதும் நேரா நின்னுச்சு. அசல் திருட்டு முழி. கம்பெனியில அத்தன பேரும் உங்க கையப் பாத்து அழுவுறாங்க. நான் கண்ணப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்பறம் ஏன் வெளையாடுன்னு சொன்ன?"

"வாயத் தொறந்து சொல்றீங்களான்னு பாத்தேன்."

கலியமூர்த்திக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. இவ்வளவு வருஷத்தில் தன் மூஞ்சியை இப்படி உற்றுப் பார்க்க ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப வெளையாடலாமா?"

"எப்பிடி? ஜெயிக்கலியே. பேச்சுன்னா பேச்சுதான்." கனகா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று திரும்பினாள். "ஆமா, எத்தன நாளைக்குக் கல்லத் தொட மாட்டேன்னீங்க? எனக்குச் சரியா நெனவு இல்ல."

"இந்த வருசத்துக்கு" என்றான் கலியமூர்த்தி.

சொல்லும்போது அவன் கண் ஜன்னல் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தது. கனகா அதைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "அப்ப டிசம்பர் முடியற வரைக்கும் அந்தத் தொடப்பத்தால வாசலக் கூட்டுங்க."