மாற்றிப் பாடிய சரணம்

1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பத்து மணியளவில், மாத்தளை நகரில் புஹாரி என்பவரின் வானொலி திருத்தும் கடையில் ஒரு பாட்டு ஒலிநாடாவில் பதியப்பட்டது. பாடியவள் பாலாமணி, வயது இருபத்துநான்கு. ஆர்மோனியம் வாசித்தவர் சிவலிங்கம். பதியச் சொன்னவன் அவள் கணவன் சண்முகராஜா. அவன் இருபத்தொன்பது நாட்களில் இந்தியாவுக்குப் புறப்பட வேண்டியிருந்தது.

நாடற்றிருந்த தோட்டத் தமிழரைப் பங்கிட்டுக்கொள்ள இந்திய, இலங்கை அரசுகள் செய்த ஒப்பந்தத்தின்படி அவனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்திருந்தது. பாலாமணிக்குக் கிடைத்ததோ இலங்கைக் குடியுரிமை. அவள் மணமாகுமுன் தந்தை இராசமாணிக்கம் தம் இலங்கைக் குடியுரிமை விண்ணப்பத்தில் மகளின் பெயரையும் எழுதியிருந்தார். மணமான பின் அதை நீக்கியிருக்க வேண்டும். எழுதியதில் கை வைத்தால் குடும்பம் முழுவதற்கும் மறுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, அவர் பேசாமல் இருந்துவிட்டார். இரண்டரை வயதுக் குழந்தை இந்திராணியின் பெயர் சண்முகராஜாவின் கடவுச்சீட்டில் இருந்தது.

பாலாமணி பின்னர் விசா பெற்று வரலாம் என்றார்கள். எப்போது என்று எவரும் சொல்லவில்லை. குழந்தையை அனுப்ப மாட்டேன் என்று, மகனுடன் செல்லவிருந்த மாமியார் கிருஷ்ணம்மாவிடம் அவள் இருமுறை சொல்லத் தொடங்கினாள். இருமுறையும், "புள்ளைக்கு ஒரு நாடு வேணாமாடி?" என்ற கேள்வி அவள் வாயை அடைத்தது.

பிரிந்து செல்லும் கணவனை நோக்கி ஒருத்தி பாடும் பழைய இசைத்தட்டுப் பாட்டுத்தான் அன்று பதியப்பட்டது. கலியாண வீடுகளில்கூட, விருந்து முடிந்தபின், பாலாமணியை அதைப் பாடச் சொல்வார்கள். இசைத்தட்டில் உள்ளபடி, ஒரு மூச்சும் பிசகாமல் பாடுவாள். அதனாலேயே அவளுக்குப் பெயர்.

"சிவலிங்கம், ஒங்கட பெட்டி இருமுது. பாணி மருந்து குடுத்துட்டு வாங்க," என்றார் புஹாரி.

"ஒங்க மிஷினுக்குத்தான் காது மந்தம், நானா," என்றார் சிவலிங்கம். புஹாரியை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், எல்லோரும் நானா என்றே அழைப்பார்கள்.

"பாலா, தட்டுல இருக்கிற மாதிரியே பாடு," என்றான் சண்முகராஜா. "அங்க கேக்கிறவங்க அதேதான்னு சொல்லணும்."

கிருஷ்ணம்மா குழந்தையின் கையில் ஒரு விசுக்கோத்தைக் கொடுத்து மடியில் அமர்த்திக்கொண்டாள்.

இரண்டு சரணங்களும் இசைத்தட்டின்படியே அமைந்தன. மூன்றாவது, 'எல்லாம் எடுத்துப் போ, வாசல் விளக்கை நான் அணையேன்' என்று முடிய வேண்டும். அவ்விடத்தில் பாலாமணி மெதுவானாள். சிவலிங்கத்தின் விரல்கள் முந்திப் போய், தயங்கி, திரும்பி வந்தன.

'எல்லாம் எடுத்துப் போ, என் மடியில் ஒன்றை இறக்கிப் போ.'

அந்த அடியை மூன்று முறை பாடினாள். மூன்றாம் முறை குரல் உடைந்தது, சுருதி விலகவில்லை.

புஹாரி இயந்திரத்தை நிறுத்தினார். "தங்கச்சி, பாட்டு மாறிப்போச்சு. அழிச்சிட்டு மறுபடி எடுப்போமா?"

"மாறல, நானா. அப்படித்தான்."

"பாட்டுலயா வழக்குப் பேசுறே?" என்றாள் கிருஷ்ணம்மா. "நேரா பேச வாயில்லையா?"

"நேரா பேச நீங்க எங்க விட்டீங்க, அத்தை?"

கிருஷ்ணம்மா மகனிடம் திரும்பினாள். "நீயே சொல்லுடா. நாளைக்கு இந்தப் புள்ள எந்த நாட்டுப் பிரஜாவுரிமைத் துண்டைக் காட்டும்?"

சண்முகராஜா தாயின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கித் தன் தோளில் சாத்திக்கொண்டான். "நானா, ஒருக்கா போடுங்க. கேக்கிறேன்."

நாடா சுழன்றது. இந்திராணி குனிந்து இயந்திரத்தைத் தொட்டு, "அம்மா" என்றாள். அருகில் நின்ற தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைச் சண்முகராஜா கண்டான். பாட்டு முடிந்ததும் குழந்தையைப் பாலாமணியின் கையில் கொடுத்தான்.

அன்று மாலை தீர்மானிக்கப்பட்டது வருமாறு: குழந்தையின் பெயரைக் கடவுச்சீட்டிலிருந்து நீக்கக் கோரி எழுதுவது. எந்த நாட்டுக்கும் உரியவளாக இல்லாவிட்டாலும் இந்திராணி மாத்தளையில் தாயிடமே வளர்வது. சண்முகராஜாவும் கிருஷ்ணம்மாவும் ஏப்ரல் 9ஆம் திகதி, இந்தியக் கப்பலைப் பிடிக்க, தலைமன்னார் புகைவண்டியில் புறப்படுவது. தனக்காகக் காத்திருக்கும்படி பாலாமணி அவனைக் கேட்கவில்லை. அதுபற்றி எதுவும் தீர்மானிக்கப்படவில்லை.