இதயம் என்று சொன்னோம்

மடியில் பிளம் பழப் பலகாரத் தட்டோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள் தெசாங்கா. பக்கத்தில் வயிற்றுவலியால் சுருண்டு கிடந்தான் கணவன் மிலுதின். அவர்களைத் தன் காரில் ஏற்றிவந்த கோர்தானா மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். வரும் இலையுதிர் காலத்தில் அவளுடைய மகனுக்கும் இவர்கள் மகள் யாகோதாவுக்கும் கல்யாணம். அந்தப் பலகாரம் சம்பந்தியம்மாள் கையால் செய்தது.

ஸ்கேன் அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "படம் தெளிவா விழ ரத்தக் குழாய்ல சாயம் ஏத்துவோம். சிறுநீரகக் கோளாறு ஏதாவது உண்டா? குடும்பத்துல யாருக்காவது?"

அவர்கள் வாழ்ந்த சாவா ஆற்றங்கரைக் கிராமங்களில், குடும்பம் குடும்பமாகப் பிடிக்கும் சிறுநீரக நோய் ஒன்று உண்டு; அதன் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தெரிந்தால் அந்த வீட்டில் பெண்ணெடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். சிறுநீரகம் கெட்டுச் செத்தவர்களை "இதயம் நின்னுபோச்சு" என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள். மிலுதினின் அப்பாவும் அண்ணனும் அப்படித்தான் போனார்கள். மிலுதினையே போன வருஷம் டாக்டர் எச்சரித்திருந்தார். என்ன மானமோ, என்ன கௌரவமோ!

மிலுதின் வாயைத் திறந்தான். தெசாங்கா அவன் விலாவில் இடித்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. எருது மாதிரி உடம்பு இவருக்கு."

"எருதேதான். இல்லேன்னா இவ இடிக்கிற இடிக்குத் தாங்குமா?" என்றான் அவன். கோர்தானா சிரித்துவிட்டாள். வலி கூடிக்கொண்டே போனதால், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அவனை உள்ளே கொண்டுபோனார்கள்.

பித்தப்பைக் கல்தான். அது சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் சிறுநீர் நின்று, முகம் வீங்கி, மிலுதினை டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைத்துவிட்டார்கள்.

"சாயத்தை மட்டும் குத்தம் சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. "நல்ல சிறுநீரகம்னா பெரும்பாலும் தாங்கிடும். இவருக்கு முன்னாடியே முக்கால்வாசி போயிருக்கு. தெரிஞ்சிருந்தா சாயமில்லாம வேற வழியில பாத்திருப்போம். ஏம்மா சொல்லல? இனி சிறுநீரகம் பழையபடி ஆகுறது கஷ்டம்."

தாழ்வாரத்துக்கு வந்த தெசாங்கா, கோர்தானாவின் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். "சம்பந்தி, எங்க வீட்ல அந்த நோய் இருக்கு. நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னுதான் பொய் சொன்னேன். என் கையாலயே அவரைக் கெடுத்துட்டேனே! கல்யாணம் வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

கோர்தானா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"எங்கப்பாவும் இதயத்துலதான் போனாரு," என்றாள் மெதுவாக. "அதே ஆத்தங்கரை இதயம். உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு தரமாட்டீங்கன்னு நானும் மறைச்சேன்."

தெசாங்கா கண்ணாடிக் கதவின் வழியே உள்ளே பார்த்தாள். இயந்திரத்தோடு பிணைந்தபடி மிலுதின் கண்மூடிக் கிடந்தான்.

"அடக் கடவுளே, யாருக்குப் பயந்து யாரைப் பலி கொடுத்தேன்!" என்று கண்ணைத் துடைத்தாள். "வைத்தியம் பாக்குறவங்ககிட்ட நோயை மறைக்கிறது மானம் காக்குறது இல்ல சம்பந்தி, ஆளைக் கொல்றது. நாளைக்கே புள்ளைங்க ரெண்டு பேரையும் பரிசோதனைக்குக் கூட்டிட்டு வருவோம். என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லுவோம்."