சேட்டுக் கடைச் சீட்டு

சத்தியநாதன் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆக வேண்டும் என்று நான்கு மாதம் வேண்டிக்கொண்டேன். நல்ல புத்தி இல்லைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அது 1989. பொத்தேரியில் மாணவர் விடுதி கட்டிக்கொண்டிருந்தோம். அவர் ப்ராஜெக்ட் மேனேஜர், நான் சைட் இன்ஜினியர். சைட்டில் போன் கிடையாது. எதிரே சேட்டின் ஹார்டுவேர் கடைக்குத்தான் வரும். சேட்டு விஷயத்தைச் சீட்டில் எழுதி, மேலே மணியையும் போட்டு ஆளிடம் கொடுத்தனுப்புவார்.

எனக்கு வந்த சீட்டில் 9.50 என்று இருந்தது. ‘அப்பா சீரியஸ். தயாளன் உடனே வரவும்.’ சத்தியநாதன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, கான்கிரீட் முடிந்து நான் கை கழுவும்போதுதான் கொடுத்தார்.

“காலையிலயே குடுத்திருந்தா நீ ஓடியிருப்ப, வேலை நின்னிருக்கும். லீடர்னா மனசைக் குறுக்க விடக் கூடாது, தயாளன்.”

தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. அப்பா மூன்று மணிக்கே போய்விட்டார். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே சேட்டிடம் சொல்லிவைத்தேன், சைட்டுக்கு வரும் சீட்டெல்லாம் இனி என் கையில்தான் தர வேண்டும் என்று.

மூன்றாம் மாடிக்கு மோல்டு, அதாவது கூரைக் கான்கிரீட், போட்ட அன்று அவருக்கு ஒரு சீட்டு வந்தது. மோல்டு ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. சித்தாள் தனமும் இன்னும் முப்பது பேரும் வரிசையில் நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தியநாதன் மேலே நின்று, ஒருத்தி பெயரும் தெரியாமல், “ஏய், ஏய்” என்று கத்திக்கொண்டிருந்தார். சீட்டில் மணி 10.20. ‘அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக். சத்தியநாதன் உடனே வரவும்.’

வயிறு குளிர்ந்துவிட்டது. மடித்துப் பையில் வைத்தேன். ஐந்து மணிக்கு, கை கழுவும்போது கொடுக்கலாம். சொல்ல வேண்டியதுகூட மனப்பாடம்.

“இன்னா சார், மூஞ்சில கல்யாணக் களை கீது?” என்றாள் தனம்.

அப்போதுதான் உறைத்தது. ஐந்து மணிக்குக் கொடுத்தால் என்னைப் பாவி என்று திட்டிவிட்டு நிம்மதியாக அழுவார். கணக்கு தீர்ந்துவிடும். அந்த நிம்மதியை அவருக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?

மேலே ஏறினேன். நான்கு மாதமாகப் பர்ஸில் வைத்திருந்த என் சீட்டையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து நீட்டினேன்.

“இது பத்து இருபதுக்கு வந்தது சார். இப்ப பத்தரை.”

மேலே இருந்ததைப் படித்தார். பிறகு அடியில் இருந்ததை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எனக்கு அது இனித்தது.

“மோல்டு நடுவுல... நான் போனா வேலை நின்னுடுமே.”

“நிக்காது சார். நீங்க இல்லாமலே நடக்கும்.”

“நீ போ சார். நாங்க கீறோம்ல” என்றாள் மேலே வந்திருந்த தனம், சட்டியைக் கீழே வைக்காமல்.

அவர் இறங்கிப் போனார். ஆறு மணிக்கு மோல்டு முடிந்தது. ஒரு ‘ஏய்’ சத்தம் இல்லை.

பத்து நாள் கழித்து வந்தார். அவர் கையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் அந்த அம்மா கண்ணை மூடினார்களாம். சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து என் பழைய சீட்டை எடுத்தார்.

“இதை வாங்கிக்கோ தயாளன். என்னால வச்சுக்க முடியல.”

“உங்ககிட்டயே இருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.