முதல் டீலருக்கு மட்டும்

மெத்தைக் கம்பெனி எங்களை மத்தியதரைக் கடல் பக்கம் சுற்றுலா அனுப்பியது. எங்களை என்று சொல்வதே பாதிதான் சரி. விற்பனையில் முதலாவதாக வந்த டீலருக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட். மற்ற டீலர்களுக்கும், எல்லா டீலர்களின் மனைவிமார்களுக்கும் எகானமி. முதல் டீலரின் மனைவியை எங்கே உட்கார வைப்பது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவளும் மனைவிதானே, பின்னால் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கழிவறைக்கு முந்தின வரிசையில்.

அதுகூடப் போகட்டும். என் வயிறு எரிந்தது வேறு காரணத்துக்கு. அந்த மெத்தைகளை எல்லாம் விற்றது நான்.

எங்கள் கடைக்கு வந்து ஒருநாள் உட்கார்ந்தால் யாருக்கும் புரிந்துவிடும். மெத்தை வாங்க வருகிறவர்கள் நாலு பேர் பார்க்கப் படுக்கக் கூச்சப்படுவார்கள். ஓரமாக உட்கார்ந்து, கையால் ஓர் அமுக்கு அமுக்கி, நல்லாயிருக்கு என்று எழுந்துவிடுவார்கள். அப்படி வாங்கிப்போனால் அடுத்த மாதமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அதனால் நான் விடமாட்டேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, மல்லாந்து படுக்க வைத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே என் கையை நுழைத்துப் பார்ப்பேன். கை தாராளமாகப் போனால் மெத்தை ரொம்பக் கெட்டி. போகவே மறுத்தால் ஆள் உள்ளே அமுங்குகிறார் என்று அர்த்தம். படுத்திருப்பது ஆம்பளை என்றால் கூட வந்த மனைவியிடம் கையை நுழைத்துப் பார்க்கச் சொல்வேன். பல வீடுகளில் அவர்கள் அப்படித் தொட்டுக்கொண்டு எத்தனை காலம் ஆயிற்றோ, சிரித்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் போய்க் கட்டிலை அளப்பதும் நான்தான். என் வீட்டுக்காரர் செய்யும் முக்கியமான வேலை, காட்சிக்கு வைத்த மெத்தையில் மத்தியானம் படுத்துத் தூங்குவது. கேட்டால், பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வருமாம்.

பிறகு டீலர்ஷிப் எப்படி அவர் பெயருக்குப் போனது? கம்பெனி ஆள் கையெழுத்து வாங்க வந்த நேரத்தில் நான் யாரோ ஒருவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் புகுந்து அளவெடுத்துக்கொண்டிருந்தேன். இவர் கடையில் இருந்தார். யார் பேரில் இருந்தால் என்ன, நீங்களே போடுங்கள் என்று வந்தவர் சொல்ல, இவரும் போட்டுவிட்டார். எனக்கும் அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் அவருக்கு. கேடயம் அவருக்கு. கம்பெனியிலிருந்து போன் வந்தால், டீலர் இருக்காரா என்று என்னிடமே கேட்பார்கள்.

டூர் செய்தி வந்ததும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். டீலர்ஷிப் என் பெயருக்கு மாற வேண்டும். டீலரே கம்பெனி மேனேஜரிடம் வாய் திறந்து சொன்னால்தான் அது நடக்கும். மேனேஜரும் எங்களோடு டூர் வருகிறார். அங்கே போய் சாவகாசமாகப் பேசிவிடுகிறேன் என்றார் இவர். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யாத குறைதான். அதை நம்பிக் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

விமானத்தில் அந்த முன் சீட்டில் பாதி வழி அவர், பாதி வழி நான் என்று இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. பாதி வழி தாண்டி வெகுநேரம் ஆகியும் ஆளைக் காணவில்லை. எழுந்து போனேன். நடுவில் ஒரு திரை. பணிப்பெண் பளிச்சென்று சிரித்தபடி, என் சீட்டு பின்னால் இருப்பதாகச் சொன்னாள். திரை விலகிய இடைவெளியில் என் வீட்டுக்காரரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. சீட்டைக் கட்டிலாக நீட்டிக்கொண்டு மனிதர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பிவந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொரு டீலரும் அவர் மனைவியும். உங்க வீட்டுக்காரர் வரலையா என்று அந்த அம்மா கேட்டாள். முன்னாடி இருக்கார் என்றேன். அவள் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இறங்கியதும் இவர் ஓடி வந்து என் கையில் ஒரு சின்னப் பையைத் திணித்தார். முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததாம். உள்ளே ஒரு ஜோடி காலுறை, ஒரு க்ரீம். உனக்காகத்தான் பிரிக்காமல் வைத்தேன் என்றார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

ஊரைக் குறை சொல்ல முடியாது. மலைச்சரிவு முழுக்க வெள்ளை வீடுகள், கீழே அப்படி ஒரு நீலத்தில் கடல். படகில் கூட்டிப்போனார்கள். இடிந்த தூண்களைக் காட்டினார்கள். எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஆனால் ஒரு கண் மேனேஜர் மேலேயே இருந்தது. எப்போது தனியாக நிற்பார், எப்போது இவர் போய்ப் பேசுவார் என்று. படகில் பேசுங்கள் என்றால், மேனேஜருக்குத் தலை சுற்றுகிறது, பாவம் என்றார். காலைச் சாப்பாட்டில் பேசுங்கள் என்றால், சாப்பிடும்போது வியாபாரம் பேசினால் மரியாதையாக இருக்காது என்றார். விருந்தில் மேடையேறிக் கேடயம் வாங்கினார். அன்றைக்கும் பேசவில்லை, நல்ல நாளில் எதற்கு என்றார். இவருடைய சாக்குப்போக்கைக் கேட்டுக் கேட்டு, அந்த நீலக் கடல்மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

கடைசி நாள் ஒரு பழைய கல் அரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். நடுவில் வட்டமான தளம். அதைச் சுற்றி மலை ஏறுகிற மாதிரி கல் வரிசைகள். எல்லோரையும் உச்சி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, கைடு கீழே போய் நடுவில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்தார். காதுக்குப் பக்கத்தில் கிழித்த மாதிரி கேட்டது. கட்டியவர்களின் சாமர்த்தியம். பிறகு எல்லோரும் போட்டோ எடுக்கக் கலைந்து போனார்கள். எனக்கு முழங்கால் வலி, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே, அதே நடுத்தளத்துக்கு என் வீட்டுக்காரரும் மேனேஜரும் வந்து நின்றார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. மேனேஜர் இவர் தோளில் கை போட்டிருந்தார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"எப்படி சார் இவ்வளவு விக்கிறீங்க? எங்களுக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லுங்க" என்று மேனேஜர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ரகசியம் ஒன்னும் இல்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர். "வர்றவங்கள மல்லாக்கப் படுக்க வெச்சு, இடுப்புக்குக் கீழ கையை விட்டுப் பாப்பேன். கை போற பதத்துலயே எந்த மெத்தைன்னு சொல்லிடுவேன். ஜனங்களுக்கு என் மேல அப்படி ஒரு நம்பிக்கை."

"மேடம் கடைக்கு வருவாங்களா?"

"வருவா சார். கூடமாட ஒத்தாசையா இருப்பா."

அதற்குப் பிறகு அவர்கள் வேறு எதையோ பேசிச் சிரித்தார்கள். என் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தூங்குகிறவர், பயந்தவர், சோம்பேறி என்றெல்லாம் அவரைத் திட்டியிருக்கிறேன். என் கையையே தன் கை என்று சொல்லிக்கொள்வார் என்று மட்டும் நினைத்ததில்லை.

ஹோட்டல் அறைக்கு வந்ததும் அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அவரிடமே ஒப்பித்தேன். மனிதர் வெலவெலத்துப் போனார். எப்படிக் கேட்டது என்றார். கைடு காகிதம் கிழித்ததைக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றேன். அந்த மாதிரி நடுவில் நிற்கும்போது என்னவோ அப்படி வாயில் வந்துவிட்டது என்று பூசி மெழுகினார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நிஜமாகவே வருத்தப்படுகிற முகத்தோடு, திரும்பும்போது தனக்கும் மேனேஜருக்கும் அடுத்தடுத்த சீட்டு என்றார். யார் தொந்தரவும் இருக்காது. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், யார் விற்கிறார்கள் என்பது உள்பட, என்றார். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, வாய் அவருடையதாக அல்லவா இருக்கிறது.

திரும்பும் விமானத்தில் எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அந்தப் பக்கம் என் விஷயம் பேசப்படுகிறது என்று நினைக்க நினைக்க, முழங்கால் இடிக்கும் அந்த இடுக்கில்கூட ஏதோ நிம்மதியாக இருந்தது. கடை வாசலில் என் பெயர் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். அந்த அளவுக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஊர் விமான நிலையத்தில், பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் இவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"பேசினீங்களா?"

"பேசினேன்" என்றார்.

சட்டென்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் தங்கமான மனிதராம். யார் விற்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆச்சரியப்பட்டாராம். எழுதிக் கொடுத்தால் உடனே மாற்றித் தருவதாகச் சொன்னாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டு இவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் என்ன?" என்றேன்.

"பேரை மாத்தினா, கம்பெனி கணக்குல நீ புது டீலராம். புது டீலருக்கு அடுத்த வருஷ டூர் கிடையாதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ அந்த சீட்டுல ஒரு தடவை உக்காந்து பாத்திருந்தா உனக்கே புரியும்" என்றார்.

கத்த வேண்டும் போல இருந்தது. தராசில் ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் ஒரு நாற்காலி. அதற்கும் அவருக்கு யோசனை தேவைப்பட்டது.

என் பெட்டி வந்தது. இறக்கி வைத்துக்கொண்டு, நாளை முதல் நான் கடைக்கு வரப்போவதில்லை என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. காலையில் கட்டில் அளக்கப் போக வேண்டிய வீடு இருக்கிறதே, தனக்கு டேப் பிடிக்கக்கூட வராதே என்றார். வருகிறவர்களைப் படுக்க வைத்தால் எதை எடுத்துக் கொடுப்பது என்று தெரியாதே என்றார். கல் அரங்கத்தில் மேனேஜரிடம் சொன்ன மாதிரியே செய்யுங்கள் என்றேன்.

"அப்போ நீ எப்பத்தான் வருவ?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன். அவருடைய பெட்டி இன்னும் வரவில்லை.