நன்றி, திருத்திக்கொள்கிறேன்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லி வைத்த பெரியவர்கள், பதினேழில் வளைத்ததை நாற்பத்தேழில் நிமிர்த்துவது எப்படி என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பொல்லாத வேலை கடைசியில் டிரைவிங் ஸ்கூல்காரர் தலையில் வந்து விழுந்தது.

அவர் சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் ஆஸ்பத்திரி இயக்குநர் வேஷத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் மனைவி கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். ஆபரேஷன் கருவிகளை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு சிஸ்டர். உட்கார் என்று சொல்லியும் உட்காரவில்லை. ஆஸ்பத்திரியில் விசாரணை மறுநாள் காலை; இது வீட்டில் ஒத்திகை.

"ஆவியில வைக்காத செட்டைத் தியேட்டருக்கு அனுப்பினது நீங்கதானே?" என்று இயக்குநர் குரலில் உறுமினார் கணவர்.

"நன்றி சார். திருத்திக்..."

"அட கடவுளே!" மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "பண்ணாத தப்புக்கு எதுக்குடி நன்றி? கிளட்சையும் பிரேக்கையும் மாத்தி மிதிக்கிறவங்களுக்கெல்லாம் கத்துக்குடுத்துட்டேன். உன்கிட்டதான் முடியல."

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தினாள். "அம்மா, ரெண்டே வார்த்தைம்மா. 'நான் அனுப்பல.' எங்க, சொல்லு."

"நான்..." என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. தன் மேலேயே வந்த எரிச்சலில் விறுவிறுவென்று போய்க் குழாயைத் திறந்து முழங்கை வரை கையைக் கழுவினாள். எரிச்சல் வந்தால் கையைக் கழுவுவதும் அவள் பதினேழு வயதில் சேர்ந்த கல்லூரி தந்த பழக்கம்தான்.

அது ஒரு கிறிஸ்தவ நர்சிங் கல்லூரி. கண்டிப்பு என்றால் அப்படி இப்படிக் கண்டிப்பில்லை. தலைமை அம்மையார் வராந்தாவில் நடந்தால் சுவரில் இருக்கும் பல்லிகூட நேராக நிற்கும் என்பார்கள். விடியலில் ஜெபம், பிறகு படுக்கை விரிப்பின் மூலைகளைச் சோதித்தல், சாப்பிடும்போது பேச்சில்லை. இதையெல்லாம் யாரும் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது சனிக்கிழமை மாலை நடக்கும் 'திருத்தல் வேளை'. ஒவ்வொருத்தியாக எழுந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் அவள் குறைகளைச் சொல்வார்கள். நிற்பவள் "நன்றி, திருத்திக்கொள்கிறேன்" என்று சொல்லி உட்கார வேண்டும். "நான் அப்படிச் செய்யலியே" என்று ஒருத்தி வாயைத் திறந்தால் அதற்குப் பெயர் சாக்கு. சாக்குச் சொன்னவளுக்குத் தண்டனை கிடையாது. ஆனால் அவள் அடங்கும்வரை மற்ற அத்தனை பேருக்கும் இரவுச் சாப்பாடு கிடையாது. பசியோடு உட்கார்ந்திருக்கும் அத்தனை கண்களும் தன்னையே பார்க்கும்போது எவளுக்கு நியாயம் பேச வாய் வரும்? மௌனம் சம்மதம் என்று உலகம் சொல்கிறது. அங்கே மௌனம் பரிசுத்தம். பக்கத்திலேயே போகாத விளக்கு ஒன்றை உடைத்ததாகச் சொன்னபோதும் அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். அன்றைக்கு எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டார்கள்.

சரி, தூ என்று துப்பிவிட்டுப் போகலாமா என்றால் அதற்கும் வழியில்லை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் அந்த உடம்பில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்தத் தயாராக வந்து ஏமாந்து போனார்கள். ஊசி போடும்போது அவள் கை நடுங்கியதில்லை. சாகப் போகிறவர் பக்கத்தில் பயப்படாமல், பொய்யாகத் தேற்றாமல் உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியும். கோர்வையாக நாலு வரி பேசத் தெரியாமல் போனவளை மனுஷியாக்கி அனுப்பியதும் அதே அம்மையார்தான். திட்ட ஆரம்பித்தால் பாதியில் நன்றி வந்து நிற்கிறது. நன்றி சொல்ல ஆரம்பித்தால் வயிறு எரிகிறது. இப்படி ஒரு ரெண்டுங்கெட்டான் பாசத்தை யார் தலையிலும் கட்டக் கூடாது.

நடந்தது இதுதான். எலும்பு ஆபரேஷனுக்கான கருவிகள் அடங்கிய செட் ஒன்று ஆவி மிஷினில் ஏறக் காத்திருந்தது. நர்சிங் சூப்பிரண்டெண்ட் அம்மா வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டு வந்தாள். "சர்ஜன் காத்துக்கிட்டிருக்கார். குடு அதை."

"மேடம், அது இன்னும் உள்ள போகல."

"இன்னும் வேகல மேடம்!" என்று அந்த மிஷினை ஓட்டும் மிஷின்காரரும் டிராலியைக் குறுக்கே நிறுத்திக் கத்தினார்.

"காலையிலயே வச்சாச்சு, எனக்குத் தெரியும்." டிராலியை இடித்துத் தள்ளிவிட்டுச் செட்டை எடுத்துக்கொண்டு சூப்பிரண்டெண்ட் அம்மா போயே போய்விட்டாள். சிஸ்டர் தியேட்டருக்குப் போன் போட்டாள், எடுக்க ஆளில்லை. மாடிப்படியேறி ஓடினாள். நல்ல வேளை, அதற்குள் தியேட்டர் நர்ஸ் பார்த்துவிட்டாள். ஆவியில் வெந்தால் கறுக்க வேண்டிய டேப்பின் கோடுகள் வெளுப்பாகவே இருந்தன. மயக்கம் கொடுத்த நோயாளியை அப்படியே எழுப்ப வேண்டியதாயிற்று. வீட்டார் ஆஸ்பத்திரியை ரெண்டாக்கினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது போல, சூப்பிரண்டெண்ட் அம்மா வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சிஸ்டரைப் பார்த்துக் கையை நீட்டினாள்: "இவ அனுப்பினது!"

"நன்றி மேடம், திருத்திக்கிறேன்" என்றாள் சிஸ்டர். சொன்ன பிறகுதான் சொன்னதே அவளுக்குத் தெரிந்தது. பழி போட்டவளே ஒரு நிமிஷம் திகைத்துப் போனாள். இவ்வளவு சுலபமாக வேலை முடியும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

விசாரணையில் தப்பு உறுதியானால் பொறுப்பு போய்விடும். வேறு ஊரில் இருக்கும் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். மகள் ஒரு ஊர், தாய் ஒரு ஊர் என்று குடும்பம் இரண்டாகும். இத்தனையும் அந்த ரெண்டு வார்த்தையில் தொங்கியது.

மறுநாள் இயக்குநர் அறையில் சூப்பிரண்டெண்ட் அம்மா கதையைச் சொல்லி முடித்தாள். தேன் ஒழுகச் சொன்னாள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க என்ன சொல்றீங்க சிஸ்டர்?" என்றார்.

எழுந்து நின்றாள். கணவர் சொல்லிக் கொடுத்தது, மகள் சொல்லிக் கொடுத்தது எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தன. யாரோ பசியோடு காத்திருப்பது போல இருந்தது. நீ பேசுவதால்தான் எல்லோருக்கும் சாப்பாடு நேரமாகிறது என்று அந்தப் பழைய கண்கள் பார்ப்பது போல இருந்தது.

"நன்றி சார்" என்றாள். "திருத்திக்கிறேன்."

குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள் என்று வீட்டில் சொன்ன பழமொழி அந்த நேரம் பார்த்துக் காதில் ஒலித்தது. ஒலித்து என்ன பயன்? இயக்குநர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "ஒத்துக்கிட்டதுக்குப் பாராட்டணும். பொறுப்பை நாளைக்கே ஒப்படைச்சிடுங்க." காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

சூப்பிரண்டெண்ட் அம்மா அதோடு வாயை மூடியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? "அந்த மிஷின்காரரையும் வேலையை விட்டு நிறுத்தணும் சார். செட்டை எடுத்து இவ கையில குடுத்ததே அவர்தான்."

சிஸ்டருக்கும் மிஷின்காரருக்கும் எலியும் பூனையும்தான். தினமும் தாமதமாக வருவார், வந்தால் வாய் ஓயாது, சுத்தமான அலமாரியில் டீக் கிளாஸை வைப்பார். அவரைத் திட்டாத நாளில்லை.

"அவர் குடுக்கல" என்றாள்.

மைக் இல்லாமல் தேவாலயத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று கல்லூரியில் பழக்கிய குரல் அது. வெளியே உட்கார்ந்திருந்த உதவியாளர் எட்டிப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு, வேலை மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைப்பதுபோல முழுவதையும் சொன்னாள். முதலில் என்ன, பிறகு என்ன, யார் என்ன சொன்னார்கள், டிராலி எந்தப் பக்கம் நின்றது, யார் தள்ளினார்கள். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூப்பிரண்டெண்ட் அம்மா குறுக்கே பேசப் பார்த்தாள். "நான் முடிக்கல மேடம்" என்றாள் சிஸ்டர்.

எல்லாம் கேட்டு முடித்த இயக்குநர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க சிஸ்டர். மேடம், நீங்க இருங்க." பிறகு குழப்பத்தோடு அவளைப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?"

"நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வாசலில் மிஷின்காரர் நின்றார். "என்னைப் பத்தி எதுவும் பேச்சு வந்துச்சா சிஸ்டர்?"

"வந்துச்சு. டீக் கிளாஸை அலமாரியில வைக்கிறீங்களாம்."

"இதுக்கெல்லாமா விசாரணை?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கேட்டுக்கு வெளியே டிரைவிங் ஸ்கூல் காரில் கணவர் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஹார்னை இரண்டு முறை அடித்தார். "ஜெயிச்சுட்டியேடி! வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு நான் சொன்னேன்ல?" சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினார்.

அவள் பக்கத்து இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

"எனக்காக ஒரு வார்த்தைகூட வரலைங்க."

"கடைசியில வந்துச்சே."

"அது அவருக்காக வந்துச்சு. அந்தம்மா அவர் பேரை இழுக்காம இருந்திருந்தா, நான் கையெழுத்துப் போட்டுட்டு, நன்றியும் சொல்லிட்டு, கதவைச் சத்தம் வராம சாத்திட்டு வந்திருப்பேன்."

கணவர் கிளப்பிய வண்டியை நிறுத்திவிட்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.