ஆடாத முக்காலி

ஞாயிற்றுக்கிழமை வந்து பட்டறை மேசையை எடுத்துக்கொண்டு போகலாம் என்று மேல்மாடி வாத்தியாரிடம் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ஆறு மாதமாகிறது. நிற்க முடியாதவனுக்கு மேசை எதற்கு என்கிறார். ஏன், உட்கார்ந்து இழைத்தால் மரம் கோபித்துக்கொள்ளுமா? முப்பது வருடம் மரத்தூளில் புரண்ட மனுஷன் டிவியை முறைத்தபடி கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நானே ஸ்டூல் செய்ய இறங்கினேன். அவருக்கு மரம் பிடித்துக் கொடுத்தே பாதி ஆயுள் போனவள், எனக்குத் தெரியாதா? அறுக்க ஓர் உயரம், இழைக்க ஓர் உயரம் வேண்டும். அதனால் நடுவில் ஏறி இறங்கும் தண்டு, அதில் இரண்டு விரல் இடைவெளியில் ஆறு துளைகள், குறுக்கே செருக ஓர் இரும்பு ஆணி. அடியில் மூன்றே கால். பட்டறைத் தரை மேடும் பள்ளமும். நாலு கால் ஆடும், மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. அவரே ஆயிரம் தடவை சொன்னதுதான்.

முதல் தண்டில் துளைகள் கோணிக்கொண்டன. ஹாலிலிருந்து குரல் வந்தது: "சத்தத்த வெச்சே தெரியுது, டிரில்ல சாச்சுப் புடிச்சிருக்க!"

"அவ்ளோ தெரிஞ்சவரு எந்திரிச்சு வாங்களேன்!"

வரவில்லை. இரண்டாவது தண்டு நேராக வந்தது.

சனிக்கிழமை காலை இழுக்காத குறையாகக் கூட்டிவந்து, மேசைக்கு எட்டும் துளையில் ஆணியைச் செருகி, உட்கார வைத்தேன்.

"ஆடுதே," என்றார்.

குனிந்து பார்த்தேன். மூன்று காலும் அசையாமல் நின்றன. ஒரு துளை மாற்றினேன்.

"இப்பவும் ஆடுது. உன் வேல அவ்ளோதான்."

எனக்கு வந்ததே கோபம். வாயைத் திறந்தவள் அவர் பாதங்களைப் பார்த்துவிட்டேன். இடது பாதம் தரையில் பதிந்திருந்தது. முறிந்த வலது கால் ஒரு விரல் உயரத்தில் தொங்கியது. அதை ஊன்றப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது. வலியால் நொண்டுகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"எப்பலேர்ந்துங்க இந்தக் கால் குட்டையா இருக்கு?"

"கட்டுப் பிரிச்ச அன்னிக்கே தெரியும்." தலையைத் தூக்கவில்லை. "மூணு கால் ஆடாது. நாந்தான் ஆடறேன்."

அழுதால் எழுந்து போய்விடுவார். மிஞ்சிக் கிடந்த பலகைத் துண்டை எடுத்து வலது பாதத்தின் அடியில் தள்ளினேன்.

மிதித்துப் பார்த்தார். "கொஞ்சம் ஜாஸ்தி. இழைக்கணும்."

"இழைங்க."

முறைத்தார். பிறகு துண்டை மேசைமேல் வைத்து, இழைப்புளிக்குக் கை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் இரண்டு ஆட்களோடு வந்து நின்றார். இவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"மேசை இல்ல சார். வேணும்னா டிவிய எடுத்துட்டுப் போங்க."